மச்சான் லாட்ஜ் பிரமாதம்

பிள்ளைகளா, அப்பா செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

நம் கொடைக்கானல் லாட்ஜில் தங்கிய ஒருவர், வெந்நீர் வரவில்லை என்று இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். சீசன் நேரம், அறை கேட்டு வந்த போன்கள் நின்றுபோயின. நானோ கெய்சரைப் பார்க்காமல், பாலசமுத்திரத்துச் சொந்தங்களிடம் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னேன். உங்கள் மாமா இப்படி எழுதினார்: "மச்சான் லாட்ஜ் பிரமாதம். ஒருநாள் வந்து பாக்கணும்."

மறுநாள் அந்த ஒற்றை நட்சத்திரக்காரரே போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, உங்க மச்சான் வர்றதுக்குள்ள வெரசா கெய்சர சரி பண்ணிருங்க!"

அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்ததால் எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது.

சொந்தங்களின் நட்சத்திரங்களை எடுக்கச் சொல்லிவிட்டு, மாலையில் தனியாக அவர் தங்கிய அறையில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். பிறகு குளிரில் விறைத்த விரலால் அவருக்குப் பதில் எழுதினேன்: "நீங்க சொன்னது நிஜம்ங்க."