தண்ணீர் அடிப்பதற்கு ஒரு வரி

பிள்ளைகளே, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது பெரிய ஆர்டர் ஒன்று நம் ஹாலோ பிளாக் பட்டறையை விட்டுப் போனது. அது என் கணக்கால் போனது.

அரியலூரில் கட்டடம் கட்டிய இஞ்சினியர் ஒருவர் ஹாலோ கல்லும் சாலிட் கல்லும் கேட்டிருந்தார். அதே வாரம் பெரம்பலூரில் சிறுதொழில் பயிற்சி. பத்தாவதோடு நின்றவன்தான், ஆனாலும் போனேன். லீனியர் புரோகிராமிங், அதாவது இருப்பதை வைத்து அதிக லாபம் பார்க்கும் கணக்கு, சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கல் எத்தனை போடுவது என்பதற்கு எக்ஸ், ஒய் என்று பெயர். லாபத்துக்கு நோட்டில் ஒரு வரி. அதன் கீழே, தீர்ந்துபோகக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சிமென்ட், மெஷின் நேரம், காயவைக்கும் இடம் என்று மூன்று எழுதினேன். முழு ஆர்டரும் முடியும் என்று விடை வந்தது. டீ நேரத்திலேயே இஞ்சினியருக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

பிறகு பாடம் எடுத்த மேடம் என் நோட்டைப் பார்த்தார்.

"கல்லு இறுகறதுக்குத் தண்ணி யாரு அடிக்கிறா?"

"வூட்லதாங்க. ஏழு நாளு, ரெண்டு வேளை. அதுக்குக் கூலி கெடையாது."

"கூலி இல்லன்னா லாபத்துல கழிக்க வேணாம். அதுக்காக அவங்க நேரம் தீராதா?"

பின்னால் இருந்த முறுக்குக் கம்பெனிக்காரர், "வூட்டுக்காரம்மாவுக்கு மோட்டார் வச்சிருக்காரு மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். இரண்டு மாதம் எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் வாரமே ஓஸ் பைப்பைப் பிடித்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உன்னால தண்ணி அடிக்க முடியும்?"

"ஆர்டருக்கு எவ்வளவு வேணுமோ, அதை எழுதிக்குங்க."

"அப்படி எழுதக் கூடாது. முடியுறதைச் சொல்லு."

"குனிஞ்சா அடிவயிறு இழுத்துப் பிடிக்குது. அரை மணின்னு போடுங்க." குற்றம் செய்தவள் மாதிரி சொன்னாள்.

அரை மணி என்று எழுதி, அதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். மக்காச்சோளம் ஒடிக்கும் சமயம், கூலிக்கும் ஆள் இல்லை. நான்தான் அடிக்க வேண்டும். மெஷினை ஓட்டுவதும் நான்தான் என்பதால் அந்த நேரத்தை மெஷின் நேரத்தில் கழித்தேன். விடை பாதியாக இறங்கியது. இஞ்சினியருக்கு மறுபடி போன் செய்தேன்.

"பாதிதான் முடியும் சார்."

"காலையில முழுசும் தரேன்னீங்களே?"

"கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சுங்க."

"பாதிய வச்சு நான் என்ன பண்றது? வேற எடம் பாத்துக்கறேன்."

மறுநாள் ஓஸை நான் எடுத்தேன். அம்மா வாசலில் நின்றாள். "அந்த மூலைக் கல்லுல தண்ணி படல பாருங்க" என்றாள்.