உவை

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தூரத்தில் நிற்பவர்கள் 'அவை', பக்கத்தில் இருப்பவர்கள் 'இவை'. இரண்டிலும் சேராமல், கேட்பவனுக்குக் கிட்ட இருப்பவர்களைச் சுட்ட 'உவை' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு நஞ்சு வைக்கலாம் என்பதை உரும்பிராயில், எங்கள் வாசிகசாலையில்தான் கண்டேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் பள்ளிக்கூட வாத்தியார். வாசிகசாலைக்குச் செயலாளரும் நான்தான். தலைவரை வருடா வருடம் கைதூக்கித் தெரிந்தெடுப்போம்.

அந்த வருடத் தலைவர் பேசினால், பொய் சொல்லக்கூடாது, எனக்கு மெய் சிலிர்க்கும். கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், இருந்த வெள்ளைக்காரத் துரைமாரைத்தான் 'அவை' என்பார். "அவை எங்களை ஆளுற ஆக்களோ, மேய்க்கிற ஆக்களோ?" என்று கேட்டால் சனம் ஆர்ப்பரிக்கும். நெல்லியடியிலிருந்து வண்டில் கட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள். அப்படி ஒரு குரலை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தோட்டத்தில் குனிந்தே பழகிய மனிதர்கள் அவர் பேசப் பேச நிமிர்ந்து உட்காருவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆண்டுக்கூட்டத்தில் அவர் எழுந்தார். "வருசா வருசம் என்னத்துக்குத் தேர்தல்? நான் வேறை, நீங்கள் வேறையோ? இனி நான் இருக்குமட்டும் தேர்தல் வேண்டாம். ஓமோ?"

"ஓம்!" எல்லாரும் ஆமோதித்த சத்தத்தில் ஓடு அதிர்ந்தது.

அப்போது என் அக்காவின் புருஷன் எழுந்தார். புகையிலைத் தோட்டக்காரர், கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தறியாதவர். "நீங்கள்தான் திரும்பவும் வருவியள். நானும் உங்களுக்குத்தான் கை தூக்குவன். எண்டாலும் எங்களைக் கேக்க வேணும்" என்றார்.

தலைவர் கோபிக்கவில்லை, சிரித்தார். கையை நீட்டி, "உவையைப் பாருங்கோ" என்றார்.

நின்றது ஒரே ஓர் ஆள்; அவர் சொன்னதோ பன்மையில். கச்சேரியில் இருந்த எதிரி ஒரு சொல்லில், நாங்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கே வந்துவிட்டான். அத்தானுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவரோடு ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிறவர்கூட நகர்ந்து போனார்.

"ஓமோ?" என்று மறுபடி கேட்டார் தலைவர். "ஓம்!" என் வாயும் சேர்ந்து சொன்னது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"செயலாளர், ஏகமனதாய் எண்டு எழுதும்."

எழுதினேன்.

நானும் அத்தானும் வீட்டுக்கு ஒரே ஒழுங்கை வழியால்தான் நடந்தோம். அத்தான் திட்டப்போகிறார் என்று பார்த்தேன். வீட்டு வாசல் படலையடியில் நின்று, "என்ன மாதிரிக் கதைக்கிறார் மனுசன்! எனக்கே 'ஓம்' எண்டு வாயிலை வந்திட்டுது" என்றார். நான் மலைத்துப் போனேன். என்னைப் போலவே அவருக்கும் மெய் சிலிர்த்திருக்கிறது. சிலிர்த்த பிறகும் எழுந்து நின்றிருக்கிறார். தலைவரின் குரலைவிட அது பெரிய அதிசயமாக எனக்குப் பட்டது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாசிகசாலைக்குப் போய்க் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். 'ஏகமனதாக' என்பதை வெட்டிவிட்டு, 'ஒருவர் மறுத்தார்' என்று எழுதினேன். பின்னேரம் தலைவர் கையொப்பமிட வந்தார். வாசித்தார். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள். அந்த அழகான குரலில், மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப, நீரும் உவையோ?"



"ஓம்" என்றேன்.