எழுத்துப்படியில் இல்லாத ‘ஓம்’

ஒரு வழக்கின் எழுத்துப்படியில் என் ஆங்கிலம் மட்டுமே பதிந்துள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டவர் பேசிய தமிழ் அதில் இல்லை. அறிந்தவரையில் அத்தமிழை மன்றில் விளங்கிக்கொண்டவன் நான் ஒருவனே. நினைவு மங்குமுன், அவருடைய இசைவோடு, நடந்ததை எழுதிவைக்கிறேன்.

சிட்னியின் மேற்குப்புற நீதிமன்றங்களில் நெடுங்காலம் உரைபெயர்ப்பாளனாக இருந்தேன். குற்றஞ்சாட்டப்பட்டவர் அலுவலகமொன்றில் துப்புரவுப் பணி செய்தவர். விசா இல்லாதோரை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளிவந்து ஓராண்டும் ஆகாதவர். மேசையில் கிடந்த கைக்கடிகாரத்தைத் திருடினார் என்பது வழக்கு. காலையில் மேற்பார்வையாளரிடம் கொடுக்கவே எடுத்துவைத்தேன் என்பது அவர் கூற்று. குற்றவாளியெனத் தீர்ப்பானால் விசா போகும், மீண்டும் முகாம்.

காவல்துறை வழக்குரைஞர் நீண்டதொரு வினாவைத் தொடுத்தார். அதைத் துண்டு துண்டாக நான் தமிழில் சொன்னேன்.

“மேசையில மணிக்கூட்டைக் கண்டனீங்கள்.”

“ஓம்.”

“அது உங்கட இல்லையெண்டு தெரியும்.”

“ஓம்.”

“களவெடுக்கிற எண்ணத்தோடதான் பையில வைச்சனீங்கள்.”

“ஓம்...”

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இறுதியில் அவர் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அதற்குள் நான் ‘யெஸ்’ என்றேன். வழக்குரைஞர் வேறு வினா இல்லையெனக் கூறி அமர்ந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞரும் எழவில்லை. பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்.

அச்சிரிப்பை நான் முன்பே கேட்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எனக்கு எட்டு வயதிருக்கையில், கப்பலில் பணிபுரிந்த பெரியப்பா ஒரு தகரப் பொம்மை கொண்டுவந்தார். கரிய முகம், தடித்த செவ்வுதடு, பிதுங்கிய வெண்விழி. சாவி முறுக்கினால் தலையாட்டும், நாங்கள் சிரிப்போம். அதைக் கள்ளனாக்கி வழக்கு நடத்துவதே பிள்ளைகளான எங்கள் விளையாட்டு.

“உண்மையைச் சொல்லடா, மாம்பழம் களவெடுத்தனியோ?”

“தலையாட்டுறான், தலையாட்டுறான். கட்டு மரத்தில.”

“மூஞ்சையைப் பார்த்தாலே தெரியுதே, கள்ளன்தான்.”

எங்களில் இருவர் அப்பொம்மையிலும் கறுப்பு. அது எவர் கண்ணிலும் படவில்லை. சாவி முறுக்குவது என் வேலை.

எங்கள் ஊரில் ‘ஓம்’ என்றால் ‘ஆம்’ என்றாலும், அந்த ‘ஓம்’ ஒப்புதலன்று, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதன் குறி எனக் கையுயர்த்திச் சொல்ல உரைபெயர்ப்பாளனுக்கு உரிமையுண்டு. தன் இனத்தானுக்குச் சார்பாகப் பேசுகிறான் என எண்ணுவார்களோ என்று அஞ்சி வாளாவிருந்தேன். அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார்.

“ஐயா, நான் மறுமொழி சொல்ல முதலே ஏன் முடிச்சவை?”

“லோயரோட கதையுங்கோ தம்பி,” என்றேன்.

மனைவி மறைந்தபின் பிளாக்டவுனில் தனியே வாழ்கிறேன். மெல்பேர்னிலிருந்து மகள் அழைக்கும்போது மட்டுமே என் வீட்டில் தமிழ் ஒலிக்கும். தீர்ப்பான அன்று மாலையும் அழைத்தாள்.

“அப்பா, அங்க தனிய இருந்து என்ன செய்யிறீங்கள்? இங்க வாங்கோவன்.”

“ஓம்.”

“மேல் அறை சும்மாதான் கிடக்குது.”

“ஓம், ஓம்.”

“வாறன் எண்ட ஓமோ, கேக்கிறன் எண்ட ஓமோ?”

அவளுக்கு அவ்வினாவைக் கேட்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

மறுநாள் அவருடைய வழக்கறிஞருக்கு, பிழை என்னுடையது என எழுதினேன். மேன்முறையீட்டில் அக்கடிதம் சான்றாக வைக்கப்படவுள்ளது. அதன்பின் எவரும் என்னைப் பணிக்கு அழைக்கவில்லை. மகளிடமும் இன்னும் விடை சொல்லவில்லை.

‘ஓம்’ மூன்று என எழுதியுள்ளேன், நான்காகவும் இருக்கலாம். இறுதி ‘ஓம்’ என்றதற்குப் பின் அவர் ‘ஆனா’ என்று தொடங்கியதாகவே என் செவி சொல்கிறது. ஒலிப்பதிவில் அவ்விடத்தில் என் குரல் அவர் குரலை மூடியிருக்கிறதாம். அன்று பின்வரிசையில் தமிழறிந்தவர் எவரேனும் இருந்து இதைப் படிக்க நேர்ந்தால், நான் தவறாகக் கேட்டதைத் திருத்தித் தாருங்கள். மேன்முறையீட்டு நாளுக்குமுன் கிடைத்தால் அவருக்கு உதவும்.