பெட்ரோல் மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக்

பழைய காரைக் கட்டி மேய்ப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது என்பது அதை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

நாற்றம்

என் பெண் சுதா பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் எங்கள் மாட்டுங்கா வீட்டுக்கு வந்தாள். காரின் பின்சீட்டில் உட்கார்ந்த மறுநிமிடம், பெட்ரோல் நாற்றத்தில் வாந்தி. "பெட்ரோல் வண்டில மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றார் என் கணவர். எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? அன்றுதான் டாங்கை நிரப்பியிருந்தார். ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்டுகிற மாதிரி, தடித்த பிளாஸ்டிக்கை இரண்டாக மடித்து டாங்கின் வாயில் வைத்து, மூடியை இறுக்கித் திருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கடைத்தெரு வரை போய்வந்தோம். சுதா என் தோளில் சாய்ந்தபடி சொன்னாள்: "இன்னிக்குத்தாம்மா வயித்தைப் புரட்டலை."

சயானில்

ஆஸ்பத்திரி செம்பூரில். அந்த வாரம் பரிசோதனைக்குப் போகும்போது வண்டி பாதி வழியில், சயானில் நின்றது. அரை மணி கழித்துத் தானாகவே கிளம்பியது. எங்கள் மெக்கானிக் காதர் பாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் கடை. பம்பைக் கழற்றினார், கார்புரேட்டரை ஊதினார். அடுத்த தடவையும் அதே சயான்.

பிரசவத்துக்குத் தன் வண்டியில்தான் பெண்ணை அழைத்துப் போவேன் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பானெட்டைத் திறந்துவைத்து வெயிலில் நின்ற அவரைப் பார்த்துவிட்டு, சுதா என் கையை அழுத்தினாள்: "வலி வந்தா டாக்ஸில போயிடலாம்மா. அப்பாட்ட இப்பவே சொல்லாதே, பாவம்."

உஸ்

மறுநாள் பாய் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். வண்டி நின்றது. எப்போதும் அதே தூரத்தில் நின்று, பிறகு தானாகக் கிளம்புகிறதே என்று யோசித்தவர், இந்தத் தடவை பானெட்டைத் தொடவில்லை. பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியோடு என் பிளாஸ்டிக்கும் வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பெட்ரோல் குறையக் குறைய உள்ள காத்து போவணும்லா மாமி? அதுக்குத்தான் மூடில சின்ன ஓட்டை. நீங்க அதையும்லா அடைச்சிட்டீங்க."

மூடியின் வாஷர் தேய்ந்துபோய், அந்த வழியாகத்தான் நாற்றம் வந்திருக்கிறது. புது வாஷர் போட்டார், பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிந்தார். சாயங்காலம் என்ன கோளாறு என்று என் கணவர் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்: "மூடி பழசு சார், சரிபண்ணியாச்சு. பிள்ளையத் தைரியமா கூட்டிட்டுப் போங்க."

வலி வந்த அன்று என் கணவர் செம்பூர் வரை நிற்காமல் ஓட்டிப் போய்ச் சேர்த்தார்; பேரன் நடக்க ஆரம்பித்த பிறகும் அந்த மூடியை அவர் திட்டுவதை நிறுத்தவில்லை, கூடச் சேர்ந்து நானும் திட்டுகிறேன்.