அரைக் குளிசை

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் வளர்த்த எலிகளுக்குப் பிறவியிலேயே குருதியமுக்கம் அதிகம். அவற்றின் மூளைத்தண்டில் மருந்து வந்து ஒட்டும் சில வாங்கிகள் உண்டு. ஒரு மருந்து அவற்றைத் தூண்டினால் நரம்புகள் அடங்கும், அமுக்கம் இறங்கும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த நரம்புகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, அமுக்கம் முன்பிருந்ததையும் தாண்டிப் போகும். இதை வருடக்கணக்கில் மாணவருக்குப் படிப்பித்தவன் நான்.

சுனாமி என் தங்கையின் கணவரைக் கொண்டுபோன பிறகு அவளுக்குப் பிறசர் ஏறியது. வேறு குளிசைகள் சரிவராமல், டாக்டர் அதே மருந்தை எழுதினார். ஓய்வுபெற்று எங்கள் ஊரான ஆரையம்பதிக்கு வந்திருந்த நான் அதைச் சொன்னதும், "எலிக்குக் குடுத்த மருந்தா அண்ணன்? வால் முளைச்சா நீங்கதான் பொறுப்பு" என்றாள்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவளுடைய ஒரே மகன் வன்னியில் இருந்தான். உயிரோடு வந்தால் தீமிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்தாள். அவன் முகாமில் இருக்கிறான் என்று செய்தி வந்தது. அம்மன் கோயிலின் வருடாந்தச் சடங்குக்குக் காப்புக் கட்டியவர்கள் தீமிதித்து முடியும்வரை கோயிலிலேயே தங்குவார்கள். அந்த நாட்களில் மருந்தும் வாயில் படக்கூடாது என்பது அவள் தனக்கு வைத்த கட்டுப்பாடு.

சடங்குக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போதே கேட்டாள். "அண்ணன், குளிசைய விட்டா ஏதும் செய்யுமா?"

"இவரிட்டயா கேக்கிறீங்க மச்சாள்?" என்றாள் என் மனைவி. "கோயில் வாசல் மிதிக்காத மனிசன். வேணாம் எண்டுதான் செல்லுவார்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"கொஞ்ச நாள்தானே. ஒண்டும் செய்யாது. போய் நேர்த்திய முடி" என்றேன்.

நேர்த்தியைத் தடுக்கவே தேவையிருக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய், அன்றிலிருந்தே குளிசையை அரையாக்கி, காலாக்கி, மெல்ல நிறுத்தியிருக்கலாம். எலிகளுக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

காப்புக் கட்டி இரண்டொரு நாளில், கோயில் மண்டபத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. பிறகு கண் திறக்கவேயில்லை.

முகாமிலிருந்து வந்த மகன் கேட்டான். "மாமா, அம்மாவுக்கு என்ன நடந்தது?"

"உனக்காக விரதம் இருந்தா மகன். உடம்பு தாங்கல்ல."

அன்றிலிருந்து, தன்னால்தான் தாய் செத்தாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை அவனிடம் போயிருக்கிறேன். அவன் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாவியில் மீன்பாடு எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.