தனியாகக் கேட்ட கைதட்டு

நோர்வேயின் ஹொல்ம்லியாவில் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. எட்டு வருடம் சங்கீதம் படித்தவளுக்குத் தாளம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

குழுவை நடத்தும் அபேனா, கானாவில் பிறந்தவர். தன் ஊர்ப் பாட்டுகளை ரெகே தாளத்தில் பாடவைப்பார். அதில் கைதட்டு அடியோடு சேர்ந்து விழக்கூடாது. இரண்டு அடிகளுக்கு நடுவே விழவேண்டும்.

"அம்மா, வீட்டிலை ஒருக்காத் தட்டிப் பாருங்கோ," என்றாள் பயிற்சியைப் பார்த்திருந்த என் மகள்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

நிகழ்ச்சியன்று எல்லோரும் கையை அடக்கிய இடத்தில் என் கை மட்டும் அடியோடு சேர்ந்து பட்டென்று தட்டியது. சபையில் சிலர் சிரித்தார்கள். நான் கையை இறக்கப்போனேன். அபேனா என்னைப் பார்த்து, "நிறுத்தாதே, தட்டு!" என்றார் நோர்வேஜிய மொழியில். நான் தட்டினேன். உடனே மற்றவர்களுக்குச் சைகை காட்டினார். என் ஒவ்வொரு தட்டுக்கும் அவர்களுடைய தட்டு பதிலாக வந்தது. சிரித்தவர்களும் எழுந்து ஆடினார்கள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, பிழையாத்தானே தட்டினனீங்கள்?"

"ஓம்," என்றேன். சங்கீதத்தில் என் பிழையை நான் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பாட்டில் அந்தத் தனிக் கைதட்டு இன்றும் இருக்கிறது. தட்டுவது நான்தான். மற்றவர்களின் பதில் காதில் விழாமல் அடுத்ததைத் தட்டுவதில்லை.