பேப்பரில் வந்த தாய்மாமன்

என் தங்கச்சி என்னைப் பற்றிப் பேப்பருக்கு எழுதிப் போட்டுவிட்டாள் என்று நான் முழுசாக நம்பினேன். ஒரு மனுஷனுக்கு அந்த முட்டாள்தனமே போதும். நான் அதற்கு மேலேயும் போய், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் மட்டும் அவள் இருக்கிற மடுல்சீமைக்குப் போய்ச் சேராவிட்டால் என் மானம் தப்பிவிடும் என்றும் நம்பினேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. பதுளை பஜாரில் பலசரக்குக் கடை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் புத்தி சொல்கிற வாய் வேறு. இப்படிப்பட்ட ஆள் நம்புகிற விஷயமா இது? நம்பினேன்.

அந்தப் பக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுக்கிற ஞாயிறு பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க வாசகர்களின் வீட்டுக் குறைகளுக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். மாமியார் சீனிப் போத்தலை ஒளித்து வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோப் பெட்டியை என் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். கலியாணத்துக்கு வருந்தி அழைத்தார்கள், பந்தியில் கண்டுகொள்ளவில்லை. பெயர் மட்டும் இருக்காது. "மனம் நொந்தவள், பண்டாரவளை" என்று முடியும். அந்தப் பெயர் இல்லாததில்தான் எனக்கு ருசியே. கடையைத் திறந்து சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் அந்தப் பக்கத்தைப் பிரிப்பேன். தேங்காய் வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்துச் சத்தமாக வாசிப்பேன். இது இன்னார் வீட்டுக் கதை, அந்த மாமியார் இன்னார்தான் என்று அடித்துச் சொல்வேன். ரேடியோக் குறை வந்த வாரம், நமது வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற கிளார்க்கர், அவர்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்று தீர்மானித்து, அவர் வரும்போதெல்லாம் "ஐயா, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று கிண்டல் பண்ணினேன். அவர் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் வீட்டில் ரேடியோவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதையும் ஒரு பகிடியாகவே நாலு பேரிடம் சொன்னேன்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட காலம். அந்த ஞாயிறும் வழக்கம்போலப் பக்கத்தைப் பிரித்தேன். மூலையில் ஒரு கடிதம். "சீர் வந்தது, சொந்தம் வரவில்லை" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அடியில் இப்படி:

"நாங்கள் ஊவா மாகாணத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் கூடப்பிறந்தவர் டவுனில் கடை வைத்திருக்கிறார். என் மூத்த மகளின் சடங்குக்கு அவர் வரவில்லை. மாலையும் பட்டும் மட்டும் வந்து சேர்ந்தன. மாலையும் பட்டும் எங்களுக்கும் கடையில் கிடைக்கும்."

தேங்காய்க்கு நின்ற ஒரு அம்மா, "என்ன முதலாளி, இன்னைக்கு வாசிக்கலையா?" என்றார். கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

எங்கள் சனங்களுக்குள் பெண்பிள்ளை பெரியவளானதற்கு வைக்கிற சடங்கு என்றால் முதல் மாலை தாய்மாமன் போடுகிற மாலை. அவன் வந்து, மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டு, பட்டை நீட்டிய பிறகுதான் மற்றவர்கள் ஆசீர்வாதம் பண்ண எழுவார்கள். தாய்மாமன் குடிகாரனாக இருக்கலாம், சண்டைக்காரனாக இருக்கலாம், அன்றைக்கு அவன்தான் ராஜா. என் தங்கச்சிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அவள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். மூத்தவளுக்குச் சடங்கு வைத்த நாள் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. கடைக்காரனுக்கு வருஷத்தில் அப்படி ஒரு ஞாயிறு ஒன்றுதான் வரும். போதாததற்கு மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார், மனைவி அங்கே காவல். கடையைப் பூட்டிவிட்டுப் போய் வாருங்கள் என்றுதான் மனைவி சொன்னாள். நான் தங்கச்சிக்கு போன் போட்டு, சாமான் லொறி வருகிறது, கடையை விட்டு நகர முடியாது, சீரெல்லாம் காலை பஸ்ஸில் வந்துவிடும் என்றேன். எத்தனை மணி பஸ் என்று கேட்டாள். பிறகு, "சரிண்ணே" என்றாள். சரி என்றால் சரிதானே என்று நானும் வைத்துவிட்டேன்.

இங்கே எல்லாமே பஸ்ஸில்தான் போகும். மருந்து போகும், தைத்த சட்டை போகும், பழுது பார்த்த மிக்ஸி போகும். கண்டக்டர் கையில் கொடுத்தால் இறங்குகிற இடத்தில் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் நான் தாய்மாமனையும் பஸ்ஸில் போட்டுவிட்டேன். குறை வைக்கவில்லை. பஜாரிலேயே பெரிய மாலை, பட்டுச் சேலை, பழத்தட்டு, கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டி அனுப்பினேன். "யாருக்கு முதலாளி, மந்திரி வாராரா?" என்று கண்டக்டர் கேட்டார். மாலையை டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். பூ வாடிவிடாதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். லொறி ஹோர்ன் அடித்தது. ஓடிவிட்டேன்.

இப்போது பேப்பரில் வந்துவிட்டது.

என் முதல் எண்ணம் தங்கச்சியைப் பற்றியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். தோட்டத்தில் யார் யார் இதை வாசிப்பார்கள் என்பதுதான் முதல் எண்ணம். பேஸ்புக்கில் வந்தால் காலில் விழுந்தாவது அழிக்கச் சொல்லலாம். பேப்பரில் வந்ததை என்ன செய்ய? தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், பேப்பரை வாசித்துவிட்டுப் போடமாட்டார்கள். குடியிருக்கிற காம்பராச் சுவரில் ஒட்டுவார்கள். சுவர் இருக்கிற காலம் வரைக்கும் நானும் இருப்பேன்.

மடுல்சீமைக்குப் போகிற பேப்பர் கட்டு பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஒரு பேப்பர்காரரிடமிருந்துதான் ஏறும். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடினேன். கட்டு இன்னும் ஏறவில்லை. அப்படியே மொத்தமும் எனக்கு வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன முதலாளி, உங்க படம் கிடம் போட்டிருக்கா?"

"தெரிஞ்ச ஒருத்தரைப் பத்தி நல்லதா எழுதியிருக்கு" என்றேன்.

"அப்ப மடுல்சீமையில நல்லது எதுவும் தெரிய வேணாமா?"

காசைக் கொடுத்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைக்கு அடியில் திணித்தேன். அன்றைக்கு மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது. ஒரு கட்டுப் பேப்பரைத் தடுத்துவிட்டால் ஒரு மாகாணத்தின் வாயைக் கட்டிவிட்டதாக எனக்கு நினைப்பு.

மறுநாளிலிருந்து தோட்டத்து ஆட்கள் யார் கடைக்கு வந்தாலும் முகத்தைப் பார்த்தேன். சிரித்தால் தெரிந்துவிட்டது. சிரிக்காவிட்டால் நன்றாகவே தெரிந்துவிட்டது. ஒருத்தர் "தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்று கேட்டதற்கு ஒரு கிலோ பருப்பில் அரைக்கிலோ கூடப் போட்டுக் கொடுத்தேன். தங்கச்சிக்கு மட்டும் போன் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் "சரிண்ணே" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்தக் கடைசி வரிதான் உள்ளே கிடந்து அறுத்தது. மாலையும் பட்டும் எங்களுக்கும் கடையில் கிடைக்கும். யாரும் கேலி பண்ணுகிற வரி இல்லை அது. உண்மையான வரி. அவள் இனிமேல் என்னை அண்ணன் என்று நினைக்காமல் டவுன் கடைக்காரன் என்று நினைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு நான் மடுல்சீமைக்கு யாராகப் போவேன்?

சனிக்கிழமை மனைவியிடம் சொன்னேன், நாளைக்குக் கடை பூட்டு, தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று. தீபாவளிக்கு முன்னால் பூட்ட முடியாத கடையை, அடைமழையில் காக்கா கூட வராத ஞாயிறு பார்த்துப் பூட்டினேன். என் தியாகம் அந்த அளவு.

மனைவி எதற்கென்று கேட்கவில்லை. பருப்பு, கடலை, நெத்தலிக் கருவாடு, பேரீச்சம்பழம் என்று தங்கச்சிக்குக் கட்டினாள். போகிற அவசரத்தில் நான் பார்க்கவில்லை. பஸ் பசறையைத் தாண்டி மேலே ஏறும்போது மடியில் இருந்த பையைத் திறந்தேன். எல்லாப் பொட்டலமும் அந்த ஞாயிறு பேப்பரில்.

அங்கிருந்தே மனைவிக்கு போன் போட்டேன்.

"மூட்டைக்கு அடியில கெடந்த பேப்பரையா எடுத்த?"

"ஒரு வாரமா பின்னால உக்காந்து அதுலதான கடைப் பொட்டலம் கட்டுறேன். ஏங்க, பழைய பேப்பர கிலோக் கணக்குல வாங்குவாங்க. நீங்க புதுசாவே வாங்கி அடுக்கி வச்சிருக்கீங்க. நான் என்னத்த கேக்க?"

ஆக, மடுல்சீமைக்குப் போகாமல் நான் தடுத்த பேப்பரை, ஒரு வாரமாக என் கடையே மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் சுற்றி வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் கருவாடு சுற்றி விநியோகம் பண்ணியிருக்கிறது. பொட்டலங்களை ஜன்னலால் வெளியே வீசலாமா என்றுகூட நினைத்தேன். பேரீச்சம்பழம் விலை ஞாபகம் வந்தது.

தங்கச்சி என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "என்னண்ணே, சொல்லாம கொள்ளாம? அண்ணிக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். மருமகள் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான், என் தங்கச்சி புருஷன், ஈரச் சாக்கை எடுத்துவிட்டு எனக்கு இடம் பண்ணினார். எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. அதனாலேயே எனக்கு வேர்த்தது.

பொட்டலத்தைப் பிரித்த தங்கச்சி, கருவாட்டைத் தட்டில் கொட்டிவிட்டுப் பேப்பரை உள்ளங்கையால் நீவினாள். லயத்தில் எல்லாரும் செய்வதுதான். சுற்றி வந்த தாளையும் வாசிக்காமல் விடமாட்டார்கள். கருவாடு வேறு தாளில் சுற்றி வந்திருக்கலாமே, சினிமாப் பக்கம், இராசி பலன், எது வேண்டுமானாலும். அவள் கையில் அந்தப் பக்கம். மச்சானுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தாள். நான் பிளேன்டீயைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்து, "பாவம் இந்தப் பொம்பள" என்றாள். பிறகு தாளைத் திருப்பினாள். "தொடர்ச்சி உள்பக்கத்துலன்னு போட்டிருக்கே. அது எங்க?"

தொடர்ச்சி. ஒரு கட்டுப் பேப்பர் வாங்கினேன். ஒன்றில்கூடப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தொடர்ச்சி கடலைப் பொட்டலத்தில் இருந்தது. கடலையைக் கொட்டிவிட்டு அதையும் வாசித்தாள். எழுதியவள் பண்டாரவளைப் பக்கம். கூடப்பிறந்தவன் அவளுக்குத் தம்பி, நகைக்கடை வைத்திருக்கிறவன். சடங்கு நடந்தது போன வருஷம்.

தங்கச்சி தாளை மடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கூடப்பிறந்தவளுக்கு அது போதும்.

"அண்ணே, நான்னு நெனச்சிட்டீங்களா?"

நான் கைவசம் எப்போதும் நாலு பகிடி வைத்திருக்கிறவன். தட்டில் கிடந்த கருவாட்டை எண்ணினேன்.

"நான் எதுக்குண்ணே பேப்பருக்கு எழுதணும்? உங்க நம்பர்தான் எனக்குத் தெரியுமே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த நம்பருக்கு அவள் சடங்குக்குப் பிறகு ஒரு தடவையும் போன் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் எடுக்கவில்லை. வராமல் போனது தப்பு என்று சொன்னேன். "சாப்புட்டுப் போங்க" என்றாள்.

பஸ் ஏற்றிவிட மச்சான் குடையோடு வந்தார். நான் கேட்காமலே அவர் பேச்செடுத்தார். "எங்க லயத்துல யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல, மச்சான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவதான் அன்னைக்கே சொல்லிட்டாளே, பசறைக்கு அங்கிட்டு மண்ணு சரிஞ்சு ரோடு மூடிருச்சு, அண்ணன் நடுவழியில மாட்டிக்கிட்டாருன்னு. வருவீங்கன்னு பாத்தோம். அப்புறம் உங்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில மாலைய வச்சு, அதுல இருந்து எடுத்துப் புள்ளையே போட்டுக்கிருச்சு."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான் என்பதை மறைக்க முடியாது. எவ்வளவு நல்ல பொய். மண் சரிந்தால் யார் என்ன செய்ய முடியும்? மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நடக்கிறதுதானே. என் தங்கச்சி என் மானத்தைக் காப்பாற்றி, அதை என்னிடமே சொல்லாமல் வைத்திருக்கிறாள். அரைச் சந்தோஷத்தில் நான் இருக்கும்போது டிக்கெட் எழுத வந்தார், அதே கண்டக்டர்.

அந்தச் சடங்கு ஞாயிற்றுக்கிழமை ரோடு எங்கேயாவது மூடியிருந்ததா என்று சும்மா கேட்டேன்.

"உங்க மாலையக் கொண்டு போன அன்னைக்கா? நல்ல வெயிலுல்ல அடிச்சிச்சு, முதலாளி" என்றார். "பஸ்ஸு பூராவும் உங்க சடங்கு ஆளுங்கதான். எஞ்சின் சூட்டுல பூ வாடுதுன்னு அவங்கதான் ஆளுக்கு ஆள் மாத்தி மடியில வச்சிக்கிட்டு வந்தாங்க."

அன்றைக்கு எங்கேயும் மண் சரியவில்லை. என் மாலை போன பஸ்ஸில்தான் விருந்தாளிகளில் பாதிப்பேர் போனார்கள். ரோடு மூடிவிட்டது என்று என் தங்கச்சி சொன்னதை அவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.